வைத்தியரின் வலது கை

இங்கிலாந்தில் விரட்டப்பட்ட அரச குடும்பம் திரும்பி வந்து முடிசூடியிருந்த காலம். லண்டனுக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் ஜூடித் என்ற சீமாட்டி இருந்தார். இயற்கையைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். அடுப்பூத வேண்டியவளுக்கு எழுத்து எதற்கு என்று நகரத்துப் பண்டிதர்கள் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உலகம் ஒரு கடிகாரம் என்பது பண்டிதர்களின் கட்சி. சாவி கொடுத்தால் ஓடும், தீர்ந்தால் நிற்கும், அதற்கு ஒன்றும் தெரியாது. ஜூடித்தோ பிடிவாதமாக வேறு சொன்னார்.

"இயற்கையில் செத்த பொருள் என்று எதுவும் இல்லை. கல்லுக்குக் கல்லின் அறிவு. இலைக்கு இலையின் அறிவு."

பண்டிதர் கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர் அவரிடம் பாடம் கேட்க வந்தார். வைத்தியர் நெகேமியா. ஆசிரியையைவிட மூத்தவர். வாரம் தவறாமல் வருவார், தொண்டை வறள வாதாடுவார், தோற்றுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புவார்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க அவரைக் காணவில்லை. பிறகு ஒரு மதியம் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஹெஸ்டர் போய்விட்டாள், அம்மணி."

அவருடைய ஒரே மகள். காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஜூடித் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நெகேமியா உட்காரவில்லை.

"பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். இது வெறும் உடல், அறுத்துப் பார்க்க விடுங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று. என் பிள்ளைக்கு மட்டும் வேறு நியாயமா? நானே அறுத்தேன்."

"ஏதாவது தெரிந்ததா?"

"ஒன்றும் தெரியவில்லை."

வெளியே தோட்டக்காரன் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். 

"செத்த பொருளே இல்லை என்றீர்களே" என்றார் நெகேமியா. "அப்படியானால் என் கத்தி அவளுக்குத் தெரிந்திருக்குமா?"

ஜூடித் மேசைமேல் இருந்த தன் புத்தகத்தை ஒதுக்கி வைத்தார்.

"ஒரே ஒருமுறை சொல்லுங்கள், அம்மணி. அது நின்றுபோன கடிகாரம்தான் என்று. பொய்யாகவே இருக்கட்டும். நான் கொஞ்சம் தூங்குவேன்."

சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஜூடித்துக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனிதரின் முகம் அப்படி இருந்தது.

"உங்கள் பண்டிதர்கள் சொல்லவில்லையா?"

"சொன்னார்கள். செய்தது சரி என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். என் புத்தியும் சரி என்றுதான் சொல்கிறது."

ஜூடித் ஒரு கோப்பையில் பானம் ஊற்றி நீட்டினார். நெகேமியா இடது கையால் வாங்கினார். வலது கை மேலங்கிக்குள்ளேயே கிடந்தது.

"அந்தக் கைக்கு என்ன?"

"அன்றிலிருந்து எதையும் பிடிக்கமாட்டேன் என்கிறது. கரண்டியைக்கூட. எலும்பு, நரம்பு, தசை எல்லாம் சோதித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை."

"காட்டுங்கள்."

அவர் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தார். விரல்கள் விரிந்தே கிடந்தன. ஜூடித் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். இறுக்கிப் பிடித்தும் அந்த விரல்கள் மடங்கவில்லை. ஜூடித்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"பண்டிதர்கள் சரி என்கிறார்கள். உங்கள் புத்தியும் சரி என்கிறது" என்றார் மெதுவாக. "அப்படியானால் சரியில்லை என்று இந்தக் கைக்கு யார் சொன்னது, வைத்தியரே?"