நிறக்கட்டங்களின் நடுவே

என் பெயர் சிவனணைந்தபெருமாள். அகவை அறுபத்து நான்கு நிறைந்து அறுபத்தைந்து நடக்கிறது. தூத்துக்குடியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுப்பவன். எவரிடமும் பயின்றவன் அல்லன்.

முதன்முறையாக ஒருவரிடம் வழி கேட்கப் போனேன். அவர் ரொசிட்டா, வீடியோவுக்கு நிறம் சீர்செய்பவர். என்னிலும் முப்பது வயது இளையவர்.

“இப்ப எடுத்த கல்யாணத்துல, ஃபோட்டோவுல பொண்ணு மாநிறமா, லட்சணமா இருக்கா. வீடியோவுல வேற யாரோ மாதிரி இருக்கா. அவ அம்மா ஒத்துக்க மாட்டேங்காங்க. வெள்ளிக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் மஸ்கட் போறாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா ஊருக்குள்ள எம்பேரு கெட்டுரும். ரெண்டும் ஒரே நிறமா வர என்ன வழி?”

“நீங்க ஃபோட்டோவுக்குப் போடுத ப்ரீசெட்டைக் குடுங்க, அண்ணாச்சி. வீடியோவுக்கு ஏத்த லட்டா மாத்தித் தாரேன்.”

ப்ரீசெட் என்பது ஒரே சொடுக்கில் படத்துக்கு என் நிறத்தை ஏற்றும் கோப்பு; லட் என்பது வீடியோவுக்கு அதே வேலையைச் செய்வது. என் ப்ரீசெட் ஆறு ஆண்டுகள் இழைத்து இழைத்துச் செய்தது.

“அது வெளிய போகாது.”

“அப்ப வேண்டாம்.”

அவர் ஒரு படத்தை என் பென்டிரைவில் ஏற்றித் தந்தார். எண்ணற்ற சிறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிறம்.

“உங்க ப்ரீசெட்டை இதுக்கு நீங்களே போட்டு அனுப்புங்க. ஒவ்வொரு கட்டமும் என்னவா மாறிருக்குன்னு பாத்து லட் செஞ்சிருவேன். வேற ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உறுத்தியது. எதற்காக இவ்வளவு வற்புறுத்தல்? என் நிறம் முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள் அன்றோ இருக்கும்!

ப்ரீசெட்டைப் போட்டேன். கூடவே, எந்தப் படத்தை வெளியே அனுப்பினாலும் வழக்கமாகச் செய்வதைச் செய்தே அனுப்பினேன்.

மறுநாள் லட் வந்தது. வீடியோவில் ஏற்றினேன். பட்டு என் நிறம். மாலை என் நிறம். மணப்பெண்ணின் முகத்தில் மட்டும், திருநீற்றை வாரி இறைத்தாற்போல வெள்ளைத் திட்டுகள்.

நேரே ரொசிட்டா முன் போய் நின்றேன்.

“வேணும்னே கெடுத்திருக்கீங்க.”

“எதுக்கு?”

“ப்ரீசெட் தரலைங்கற கோவம்.”

“எம்மேல சந்தேகமா, அண்ணாச்சி?”

“எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்.”

“நல்லதுதான். ஒரு ஆளை விட்டுட்டீங்க.”

அவர் நான் அனுப்பிய படத்தைத் திறந்தார். நடுப்பகுதியைப் பெரிதாக்கினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

“பொண்ணு முகத்து நிறமெல்லாம் இந்தக் கட்டங்கள்லதான் இருந்துச்சு. இப்ப அங்க என்ன இருக்கு? வாசிங்க.”

குறுக்கே, வெள்ளை எழுத்தில், நான் எல்லாப் படத்திலும் பொறிப்பது இருந்தது. வாசித்தேன். வாசிக்க நேரம் பிடித்தது.

“சிவன்ல நெத்தி போச்சு. பெருமாள்ல கன்னம் போச்சு. சின்னப் பேரா இருந்தா மூக்கோட தப்பிச்சிருப்பா.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வெறும் கட்டங்கள் உள்ள படத்தை மறுபடி கேட்டேன்.

அன்று 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால்.