முள்ளியின் மூன்றாவது அடையாளம்

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். இது இனிப்பான கதை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வெகுகாலத்துக்கு முன் ஒரு ராசா இருந்தான். அவன் நாட்டு ஏரிக்கரையில் சடைச்சி என்பவள் பன்றி வளர்த்துப் பிழைத்தாள். அவளிடம் முள்ளி என்ற கறுப்புப் பெண்பன்றி இருந்தது.

ஒரு பஞ்சத்தில் ஏரி வறண்டது. ஆடு செத்தது, மாடு செத்தது, கோழி செத்தது. முள்ளி மட்டும் காய்ந்த சேற்றை மூக்கால் கிளறிக் கொட்டிக்கிழங்கு தோண்டியது. அதை அவித்துத் தின்றுதான் சடைச்சியின் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். ஆனாலும் ஊர்வாய் சும்மா இருக்குமா? "அது கலப்புப் பன்னிடீ, என்ன சாதியோ!" என்று கேலி பேசியது. கேட்கும்போதெல்லாம் சடைச்சி சண்டைக்குப் போவாள்.

ஒருநாள் அரண்மனை அதிகாரி முரசறைந்துகொண்டு வந்தார். "அசல் நாட்டுப் பன்றி யாரிடம் இருக்கிறது? காட்டுகிறவருக்குப் பட்டுச்சேலை!"

பக்கத்துக் குடிசை மொட்டையனிடமும் அதே இனம்தான். "எதுக்குங்க சாமி கேக்கறீங்க?" என்றான். அதிகாரி அதற்குப் பதிலாகச் சேலையை விரித்துக் காட்டினார். "நம்மகிட்ட எல்லாம் கலப்புங்க" என்று சொல்லிவிட்டு, அவன் தன் பன்றிகளைக் காட்டுப்பக்கம் ஓட்டிவிட்டான்.

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாள் சடைச்சி. முள்ளியை ஊர் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

அதிகாரி பிடரியைத் தடவினார். கழுத்திலிருந்து வால்வரை முரட்டுமயிர் சிலிர்த்து நின்றது. வாலைப் பார்த்தார். சுருளாமல் நேராகத் தொங்கியது. அவருக்குத் தெரிந்தது இந்த இரண்டு அடையாளம்தான். பாவி மகள், மூன்றாவதை அவளே சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்கு சாமி. எங்க இருந்தாலும், எதைத் தின்னுட்டு இருந்தாலும், வளத்தவ கழுநீர்ப் பானையத் தட்டினா ஓடி வந்துரும். கலப்புப் பன்னி வராது." முள்ளியைத் தூர விரட்டிவிட்டுத் தட்டியும் காட்டினாள். முள்ளி ஓடி வந்து நின்றது.

"அசல்தான். இளவரசன் கல்யாண விருந்துக்கு இதை அறுங்கள்" என்றார் அதிகாரி.

சடைச்சி அவர் காலில் விழுந்தாள். "என் புள்ளைங்களுக்குச் சோறு போட்ட சீவன் சாமி!" யார் கேட்டார்கள்? சேவகர்கள் கயிற்றோடு நெருங்கவும் முள்ளி மிரண்டு கள்ளிப்புதருக்குள் ஓடியது.

கம்பால் அடித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நாயை விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. வலை விரித்துக் காத்திருந்தார்கள், கிடைக்கவில்லை.

அதிகாரி மெல்லத் திரும்பினார். "பானையைத் தட்டு."

"மாட்டேன் சாமி."

"தட்டாவிட்டால் இந்தக் குடிசைகள் எரியும்."

சேவகன் ஒருவன் பந்தத்தைப் பற்றவைத்தான். குடிசைக்குள் அவள் பிள்ளைகள் அழுதார்கள். சடைச்சி பானையைத் தட்டினாள். ஓசை எழாதபடி விரல் நுனியால் மட்டும் தட்டினாள்.

அதுவே போதுமாயிருந்தது. முள்ளி காதுகள் ஆட ஓடி வந்து, அவள் காலடியில் மூக்கை வைத்து நின்றது. அங்கேயே கட்டினார்கள்.

பட்டுச்சேலையை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றுமுதல் ஊரில் ஒருவரும் முள்ளியைக் கலப்பு என்று சொன்னதில்லை.

கேட்டீர்களா? உன் உயர்வைக் காட்டச் சொல்கிறவனிடம், அது எதற்கு என்று கேட்காமல் காட்டாதே.