போலீஸ் ஜீப்பின் பின்சீட்டு

ஏலத்தில் எடுத்த போலீஸ் ஜீப்புக்குள் என்னென்ன கோளாறு ஒளிந்திருக்கும் என்று வாங்கினவனுக்குத் தெரியாது. விற்றவர்களுக்கும் தெரியாது. ஓட்டின டிரைவருக்குத் தெரியும் என்று ஊர் நம்பும். இந்தக் கதையில் வரும் சீடர் அந்த டிரைவர்தான்.

பெயர் சூசைமாணிக்கம். போலீஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், கடையநல்லூர் ரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் ஆவுடைத்தங்கத்திடம் தொழில் படிக்கப் போனார். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பது. யாரும் சிரிக்க வேண்டாம், சிரிக்க வேண்டியதை எல்லாம் ஊர் சிரித்து முடித்துவிட்டது. அவரே முதலில் கேலியாகத்தான் அவளை ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார். அந்தக் கேலி எப்போது போனது என்று அவருக்கும் ஞாபகமில்லை.

ஜீப்பை வாங்கியவன் இசக்கிராஜ். கிட்னி கெட்டுப்போனவர்களைக் கிராமம் கிராமமாக ஏற்றி, தென்காசிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவன். ஏலத்துக்கு முன்னால் சூசைமாணிக்கத்திடம்தான் வந்து கேட்டான்.

“எடுக்கலாமா அண்ணாச்சி?”

“கண்ணை மூடிக்கிட்டு எடுலே. என் வண்டி. நான் பொறுப்பு.”

எடுத்தான். ஜீப் நடுவழியில் நின்றது.

பியூஸ் போயிருந்தது. புதுசு போட்டான். போட்ட கையோடு அதுவும் போனது. எல்லாரையும் இறக்கி வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு இன்னொன்று போட்டான். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. அன்றைக்குத் தப்பித்தார்கள். இன்னொரு நாள் இருந்த பியூஸ் எல்லாம் தீர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே முடியவில்லை. வண்டியில் இருந்த வடிவு என்கிற தையல்காரிக்கு அன்று இரவே மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்ததே பெரிய விஷயம்.

முன்பக்கத்தில் சூசைமாணிக்கம் பிரித்துப் பார்க்காத ஒயர் இல்லை. சைரனுக்குப் போனது, மேலே சுழல்விளக்குக்குப் போனது, வயர்லெஸ் செட்டுக்குப் போனது, எல்லாவற்றையும் உருவி எறிந்தார். குற்றாலம் வரைக்கும் தானே ஓட்டிப் பார்த்தார். தங்கமாக ஓடியது. இசக்கியிடம் கொடுத்தார். நின்றது.

“சூடுலே” என்றார். “இன்ஜின் சூட்டுல எங்கயோ ஷார்ட் ஆகுது. மரத்தடியில கொஞ்சம் ஆறினதும் சரியாயிருது, பாத்தியா?”

“சூடோ குளிரோ, இன்னொரு தடவை நின்னா காயலான் கடையில போட்டுருவேன் அண்ணாச்சி” என்றான் இசக்கிராஜ். “நாளைக்குக் காலையில டிரிப் இருக்கு. உயிர் சமாச்சாரம். உங்களை நம்பித்தான் எடுத்தேன்.”

சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஆவுடை ஒரு ஆட்டோவின் ஹாரனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“வாத்தியாரம்மா, நான் பாக்கும்போது வராத கோளாறை நான் எப்படித்தான் பிடிக்கிறது?”

“யாரு பாக்கும்போது வருது?”

“இசக்கி ஓட்டும்போது வருது.”

“தனியா ஓட்டும்போதா?”

சூசைமாணிக்கம் யோசித்தார். “இல்ல. ஆள் ஏத்திட்டுப் போகும்போது.”

ஆவுடை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினாள். அவர் முன்பக்கம் ஏறப் போனார்.

“அங்க இல்ல அண்ணாச்சி. பின்னால.”

“பின்னாலயா? நானா?”

“ஏன், கூச்சமா இருக்கா?”

“கூச்சம் என்ன தாயி. இத்தனை வருஷத்துல நான் இதுல பின்னால உக்காந்ததே கிடையாது. டிரைவருக்கு அங்க என்ன சோலி?”

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். ஆவுடை வெளியிலிருந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கதவில் உள்பக்கம் கைப்பிடி இல்லை.

“இதை உள்ள இருந்து திறக்க முடியாது போலிருக்கே!”

“ஓட்டின உங்களுக்குத் தெரியாதா?”

“வெளியே நின்னு நான்தானே திறந்து விடுவேன்.”

ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். வண்டி நிற்கவில்லை. பள்ளத்தில் இறக்கினாள், மேட்டில் ஏற்றினாள். நிற்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

“எப்படி உக்காந்திருக்கீங்க?”

“எப்படின்னா? ஒழுங்காத்தான்.”

முழங்காலை மடக்கி, கையைத் தொடைமேல் வைத்து, மேலதிகாரி முன்னால் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார்.

“வடிவக்கா எப்படி உக்காருவாங்க?”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ஓட்டுறவனுக்குக் கண்ணாடியில தலைதான் தெரியும்.”

ஆவுடை வண்டியை வடிவு வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

வடிவு தையல் மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஜீப்பைக் கண்டதும் முகம் வாடிவிட்டது.

“நானே சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன் ஆவுடை. நாளையிலிருந்து என்னை ஏத்த வேண்டாம்னு இசக்கிட்ட சொல்லிரு.”

“ஏங்க்கா?”

“நான் ஏறினாத்தான் வண்டி நிக்குது. கூட வாரவங்களே பேசிக்கிடுதாங்க. என் ராசி அப்படி. எனக்காக அத்தனை பேரும் ஏன் ரோட்டுல கிடக்கணும்? நான் ஒருத்தி போனா போறேன்.”

“வாயைக் கழுவும்மா!” என்று அதட்டினார் சூசைமாணிக்கம். அதட்டிவிட்டு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். பொறுப்பு என்று சொன்னவர் அவர்தானே.

ஆவுடைக்கு வேறு ஏதோ காதில் விழுந்திருந்தது. கண் பளிச்சென்று ஆனது.

“நீங்க ஏறினாத்தான் நிக்குதா? நெசமாவாக்கா?”

“நெசம்தான். நான் ஆஸ்பத்திரியில கிடந்த அன்னைக்கு வண்டி எங்கயுமே நிக்கலையாம்.”

“அப்ப எந்திரிங்க. உங்களை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல.”

வடிவு மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து ஏறினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன, மடக்க முடியவில்லை. சீட்டில் சரிந்துகொண்டு, இரண்டு காலையும் முன்சீட்டுக்கு அடியில் நீட்டி, குதிகாலை ஊன்றிக்கொண்டாள். சூசைமாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் வேகத்தடையில் ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

“பாத்தியா? பாத்தியா ஆவுடை?” வடிவு அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அழுங்க, ஆனா அசையாதீங்க!” என்று கத்தினாள் ஆவுடை. புதுப் பியூஸ் போட்டாள். போட்ட கையோடு போனது. “அண்ணாச்சி, அக்கா காலை மட்டும் தூக்குங்க.”

சூசைமாணிக்கம் குனிந்து, வீங்கின அந்தக் கால்களை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆவுடை இன்னொரு பியூஸ் போட்டுச் சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது.

“சூடு ஆற மரத்தடி எங்க அண்ணாச்சி?” என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி ரப்பர் மேட்டைக் கிளப்பினார்கள். தரையில் ஒரு போல்ட்டின் முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது. டீசல் பம்புக்குப் போகிற ஒயர் அதன்மேல் கிடந்தது. தோல் உரிந்து செம்பு தெரிந்தது. மேலே ஒரு கால் ஊன்றினால் போதும், ஒயர் அந்த முனையில் போய்க் குத்தி ஷார்ட் ஆகும்.

“இது என்ன போல்ட்டு?”

“கைதிக்குக் கால்ல சங்கிலி போட்டா அதைக் கோத்துப் பூட்ட ஒரு கம்பி இருந்துச்சு” என்றார் சூசைமாணிக்கம். “ஏலத்துக்கு விடும்போது கம்பியை மட்டும் கழட்டி எடுத்திருக்காங்க. இது அதைப் பிடிச்சிருந்த போல்ட்டு, அன்னையிலிருந்தே இருக்கு.”

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “அப்ப என் ராசி இல்லையா?”

“ஒயருதான்க்கா. வெறும் ஒயரு.”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் விடவில்லை. “காலையில வண்டி எத்தனை மணிக்கு வரும்னு இசக்கிட்ட கேட்டுச் சொல்லு ஆவுடை” என்றாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் பட்டறைக்கு வந்தார்கள்.

போல்ட்டைச் சூசைமாணிக்கமே அறுத்து, மழமழவென்று அரத்தால் ராவினார். புது ஒயரை ரப்பர் குழாய்க்குள் விட்டு, கால் படாத ஓரமாகக் கொண்டுபோனார். பிறகு பின்சீட்டில் ஏறி, முன்சீட்டுக்கு அடியில் தன் காலை நீட்டி, எட்டி எட்டி உதைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை.

“வாத்தியாரம்மா, இந்த ஒயர் அன்னைக்கும் இங்கதான் கிடந்துச்சு. இந்தப் போல்ட்டும் இங்கதான் இருந்துச்சு. எத்தனையோ பேரை இதே சீட்டுல கொண்டுபோயிருக்கேன். என் காலத்துல ஒரு நாள்கூட நின்னதில்லையே, அது ஏன்?”

ஆவுடை இன்ஜினை அணைத்தாள்.

“உங்க காலத்துல, இந்தச் சீட்டுல காலை நீட்டி உக்காந்தது யாரு அண்ணாச்சி?”

சூசைமாணிக்கம் நீட்டின காலை மெதுவாக மடக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.