வேட்டி சொன்ன வியாதி

ஜமீன்தார் போட்ட கூச்சலில் அரண்மனைப் புறாக்களெல்லாம் பறந்துபோய்விட்டன. அப்படி ஒரு வலி! வைத்தியர் சிங்காரவேலுவோ நாடியை மட்டும்தான் பிடிப்பார். சிறுநீரைப் பார்ப்பது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். நோய் பிடிபடாத எரிச்சலில், "துணி வெளுக்கிற மாடத்தி வேட்டியில் விஷம் தடவிவிட்டாள்!" என்று கைகாட்டிவிட்டார்.

மாடத்தியை இழுத்துவந்தார்கள்.

"விஷமில்லையென்றால் என்ன நோய்? என்னைத் தொடாமல், ஒரு கேள்வி கேட்காமல் சொல். தப்பாகச் சொன்னால் தலை போகும்!" என்று உறுமினார் ஜமீன்தார்.

அவள் படபடவென்று கொட்டினாள்: "வலி விலாவுக்குப் பின்னால கிளம்பி அடிவயித்துக்கு இறங்குது. படுக்கவும் முடியல, உட்காரவும் முடியல. நீர் சொட்டுச் சொட்டா, சிவப்பாப் போகுது. கல்லடைப்பு, எசமான்!"

"அப்படியே புட்டுப்புட்டு வைக்கிறாளே! எப்படித் தெரிந்தது?"

"வேட்டியில ரத்தக்கறை, துவைக்கையில கையில மணல் நெருடுச்சு. என் புருசனுக்கும் இதேதான் வந்துச்சு. வைத்தியர் ஐயா பார்க்கக் கூசுறதைத்தான் நான் தினமும் கசக்கிப் பிழியுறேன், எசமான்!"

நெருஞ்சில் கஷாயம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் பிடித்த செம்பில் 'டிங்' என்று ஒரு கல் விழுந்தது. ஜமீன்தார் செம்போடு ஓடிவந்து வைத்தியர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இப்பவாவது பாருமய்யா!"