தேர்முட்டியின் கீழ்ப்படி

ஐப்பசியின் முதல் அடைமழை ஓய்ந்த மறுநாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஆவுடையப்பன் கல்மடத்துக்கு வந்தார். அவர் வழக்கமாக வருவது வெள்ளிக்கிழமைகளில். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நகர்மன்றக் கூட்டம் இருந்தது. அதற்கு முன் குருவின் ஆசி வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அவர் மணற்கரைப்பேட்டை நகராட்சியின் பொறியாளர். வயது ஐம்பத்தொன்பது. தை மாதம் ஓய்வு பெற இருந்தார். கல்மடத்துத் தாண்டவ சாமிக்கு வயது நாற்பத்தாறுதான். துறவு கொள்வதற்கு முன் ஒன்பது ஆண்டுகள், வேறொரு மாவட்டத்தில், வடிகால் வேலைகளுக்குத் தரையின் உயரம் அளந்து மட்டம் பார்த்தவர். தம்மைவிட இளையவரை ஆவுடையப்பன் ஆறு ஆண்டுகளாகக் குருவாகக் கொண்டிருந்தார். அதை வேடிக்கையாகப் பேசியவர்கள் பேசி ஓய்ந்திருந்தார்கள்.

மடம் கீழத்தெருவில், குளத்துக் கரையை ஒட்டி இருந்தது. தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே வருகிறவர் பணிந்து வரவேண்டும் என்றே பெரியவர்கள் இப்படிக் கட்டினார்கள் என்று, தாம் அழைத்து வரும் விருந்தினரிடமெல்லாம் ஆவுடையப்பன் விளக்குவார்.

அன்று மடத்தின் தளம் ஈரமாக இருந்தது. முந்தின நாள் புகுந்த மழைநீரைச் சாமியே வாரி ஊற்றியிருந்தார். வாசலோரம் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதன் அருகே புதிதாகத் தோண்டிய குழி ஒன்றைச் சாக்கு மூடியிருந்தது. ஆவுடையப்பன் அதைத் தாண்டி வந்து, உலர்ந்த இடமாகப் பார்த்து வரைபடத்தை விரித்தார்.

ஊர் வளர்ந்துவிட்டது என்று அவர் தொடங்கினார். மேற்கே மேட்டுப் பகுதியில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி அன்றைய தீர்மானத்தால் நீங்கும். ஐந்து மாடி வரை கட்டலாம். சாலைகள் அகலமாகும். மேட்டிலிருந்து கீழத்தெரு வழியாகக் குளக்கரையின் கழிவுநீர்க் கிணறு வரை பாதாளச் சாக்கடைக் குழாய் கோடையிலேயே பதிக்கப்பட்டுவிட்டது. கீழத்தெருவின் நாற்பத்தாறு வீடுகளுக்கும் இலவச இணைப்பு. கழிவுநீரை இன்னும் விடவில்லை. தீர்மானம் நிறைவேறியதும் திறப்பு.

"மேட்டுல இப்ப எத்தனை வீடு?" என்று சாமி கேட்டார்.

"நூத்திப் பத்து சாமி. நாலு வருஷத்துல எண்ணூறு ஆகும்."

சாமி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். இதில் எங்கேனும் குறை உண்டா என்று ஆவுடையப்பன் கேட்டார். அவர் குரலில் குறை இராது என்ற நம்பிக்கை இருந்தது.

"எந்தக் கல்லுல இருந்து மட்டம் எடுத்தீங்க?"

"ஊர் மட்டக்கல்லுதான். தேர்முட்டியோட கீழ்ப்படி. சிவப்புக்கோடு போட்டிருக்கே."

தேர்முட்டி என்பது தேரடியில், தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் கல்மேடை. அதன் படிகளில் ஏறித்தான் அர்ச்சகர்கள் தேருக்குள் செல்வார்கள். அந்நாளைய அளவையாளர்கள் அதன் அடிப்படியில் உளியால் ஒரு குறி வெட்டி, அதையே ஊரின் உயரங்களுக்கெல்லாம் தொடக்கமாக ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

குழாயைக் கழுவிப் பார்க்கும் வேலை ஏதும் உண்டா என்று சாமி விசாரித்தார். பதினோரு மணிக்கு மேட்டில் ஒரு தண்ணீர் லாரியைத் திறந்துவிடச் சொல்லியிருப்பதாக ஆவுடையப்பன் சொன்னார். சாமி எழுந்து மடைப்பள்ளிக்குள் போய், அரைத்த மஞ்சள்தூள் நிறைந்த தூக்குவாளியோடு திரும்பினார்.

மேட்டில் லாரி ஓட்டுநர் மூக்கையா தயாராக நின்றார். தூக்குவாளியில் இருப்பதைத் தொட்டியில் கொட்டச் சாமி சொன்னதும் அவர் பொறியாளரைப் பார்த்தார்.

"கோயில் கொடைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, கல்யாணத்துக்கு ஊத்துவாங்க. குழாய்க்கு ஊத்தி இப்பத்தான் சாமி பாக்கேன். மாப்பிள்ளை யாரு, இஞ்சினியர் ஐயாவா?"

ஆவுடையப்பனும் சிரித்தார். தூளைக் கொட்டச் சொல்லிவிட்டு, ஆறாயிரம் லிட்டர், சரியாகப் பதினோரு மணிக்குத் திறக்க வேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டினார். பிறகு குருவும் சீடரும் கீழத்தெருவுக்கு இறங்கினார்கள்.

தெருவின் கடைசி வீடு பேச்சியம்மாளுடையது. ஒரே அறை, அதன் மூலையில் தகரக் கதவு போட்ட புதிய கழிப்பறை. கோடையில் இணைப்புக் கொடுத்தபோது, கழிப்பறையை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்படி ஆவுடையப்பன்தான் சொன்னார். சங்கிலியை விற்று அவள் கட்டினாள். இப்போது அவளுடைய மகள் பிரசவித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. குழந்தை தரையில், பாயின் மேல், பழஞ்சேலை மடிப்பில் உறங்கிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் பொறியாளருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இனி இருட்டோடு குளத்தங்கரைக்கு ஓட வேண்டியதில்லை, பிள்ளை பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று அவரைப் புகழ்ந்தாள். குழந்தைக்கு அவர் கையால் சர்க்கரை தொட்டு வைக்க வேண்டும் என்றாள். அவர் கூச்சத்தோடு மறுத்தார்.

மணி பதினொன்று அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

"பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கோங்கம்மா" என்றார் சாமி. "கொஞ்ச நேரத்துக்கு."

பேச்சியம்மாள் காரணம் கேட்காமல் தூக்கிக்கொண்டாள். மகளையும் எழுந்து கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

பதினொன்றே கால் வரை ஒன்றும் நிகழவில்லை. சிரமம் கொடுத்ததற்காகத் தாய்க்கும் மகளுக்கும் ஆவுடையப்பன் வருத்தம் தெரிவித்தார். அப்போது தகரக் கதவுக்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. பின்பு இன்னொன்று. கதவின் அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டது. அது அகன்றது. ஓசையில்லாமல் தரையின் மேல் நடந்து வந்து, பாயைத் தொட்டு, குழந்தை கிடந்த சேலை மடிப்பில் ஏறியது. மடிப்பு முழுவதும் மஞ்சளாயிற்று.

நீர் நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டது. ஆவுடையப்பன் காலைத் தூக்கவில்லை.

"கிணத்து மதகு அடைச்சிருக்கும்" என்றார் அவர்.

அவர் குளக்கரைக்கு ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில் அவர் ஓடியதைத் தெரு பார்த்தது. மதகு திறந்தே இருந்தது. கிணற்றுக்குள்ளும் மஞ்சள் நீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயில் அடைப்பு இல்லை. கிணற்றுக்குப் போகும் வழி போதவில்லை. வீட்டுக்குள் ஏறும் வழி அருகில் இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் குழந்தையோடு வாசலில் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"இன்னைக்கு மஞ்சளா வந்துச்சு. திறந்துவிட்டப் பொறவு என்னவா வரும் ஐயா?"

அவர் சாமியின் பக்கம் திரும்பினார். காகிதத்தில் இந்த வீட்டின் தரை குழாயைவிட இருபத்தோரு அங்குலம் உயரம் என்றார். பழைய ஏட்டில் இந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுத் தரைக்கும் உயரம் குறித்திருக்கிறது என்றார். குழாயைத் தாமே நின்று, சிவப்புக்கோட்டிலிருந்து அளந்து பதித்ததாகச் சொன்னார்.

"இப்ப வந்தது எத்தனை வீட்டுத் தண்ணி?" என்று சாமி கேட்டார்.

ஆவுடையப்பன் மனத்துக்குள் கணக்கிட்டார்.

"காலையில ஒரு மணி நேரம்னா, நாப்பது வீடு."

மேட்டில் எண்ணூறு என்பதை இருவருமே திரும்பச் சொல்லவில்லை.

தேரடிக்குப் போகும் வழியில் மூக்கையாவின் லாரி எதிரே வந்தது. சாமி அவரை நிறுத்தி, கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மூக்கையா இம்முறை கேலி பேசவில்லை; பொறியாளரின் கணுக்கால் வரை நனைந்திருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டார்.

தேர்முட்டியின் சிவப்புக்கோட்டுப் படி, தார்ச்சாலையின் மட்டத்துக்குச் சற்று மேலே தெரிந்தது. அதை ஒட்டிச் சாலையில் இரண்டடிக்கு இரண்டடி உடைக்கும்படி சாமி சொன்னார். நகராட்சிச் சாலையை உடைக்க யாருடைய அனுமதி என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். ஆவுடையப்பன் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாலை பழுதாகும்போதெல்லாம், சித்திரைத் தேரோட்டத்துக்கு முன்னால், இருக்கிற சாலையின் மேலேயே புதிய சாலை போடுவார்கள். பழையதைச் சுரண்டி எடுக்க நேரம் இராது. தேருக்கு நாள் குறித்திருக்கும். போட்டு முடித்ததும், தேர்முட்டியில் குறி மறைந்திருந்தால், வெளியே தெரிகிற படிகளில் அடியில் இருப்பதன் மேல் அலுவலகத்தார் சிவப்புக்கோடு போடுவார்கள். மட்டக்கல் என்பது கீழ்ப்படி. கண்ணுக்குத் தெரிவதில் இதுவே கீழ்ப்படி. இதில் யாருக்கும் ஐயம் வந்ததில்லை.

தார் ஒன்பது அடுக்காக வந்தது. மூன்றாம் அடுக்கின் கீழே ஒரு படியின் விளிம்பு தட்டுப்பட்டது. சாமி கையால் மண்ணைத் துடைத்தார். அதன் மேல் மங்கிய சிவப்பில் ஒரு கோடு இருந்தது. கோட்டின் பக்கத்தில், சிறிய அழகான எழுத்தில், ஆண்டும் இரண்டெழுத்துக் கையொப்பமும் இருந்தன.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். அது அவருடைய கையெழுத்து.

அதற்குக் கீழே இன்னொரு படி. அதிலும் ஒரு சிவப்புக்கோடு. அதே கை, இன்னும் இளமையாக. அந்த ஆண்டு அவர் வேலையில் சேர்ந்த ஆண்டு. பெயின்ட் டப்பாவோடு அங்கே குந்தியிருந்த முற்பகல் அவருக்கு நினைவு வந்தது. குறி இருந்த கல் உள்ளே போய்விட்டதே என்று அன்று அவர் மேலதிகாரியிடம் கேட்டிருந்தார். "கீழ்ப்படியில போடுப்பா. தேர் வரட்டும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதே பதிலை இரண்டு முறை அவரே பிறருக்குச் சொல்லியிருந்தார்.

மூக்கையா இன்னும் ஏழு அங்குலம் தோண்டினார். மூன்றாவது படி வந்தது. அதில் வண்ணம் எதுவும் இல்லை. உளியால் வெட்டிய குறி மட்டும், நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தது.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார். உளிக்குறியிலிருந்து மேலே தெரியும் சிவப்புக்கோடு வரை இருபத்தோரு அங்குலம். வீடுகளின் உயரம் உளிக்குறியிலிருந்து எழுதப்பட்டது. குழாயின் உயரம் சிவப்புக்கோட்டிலிருந்து எடுக்கப்பட்டது. காகிதத்தில் இருந்த இடைவெளி இந்தக் குழிக்குள் கிடந்தது.

அவர் நாடாவைச் சுருட்டாமல் குழிக்குள்ளேயே விட்டார். மூக்கையா எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார்.

கைப்பேசி ஒலித்தது. நகர்மன்றத் தலைவர் பேசினார். கூட்டத்தில் அவருக்குப் போர்த்தப் பொன்னாடை வந்துவிட்டதாம், மாலைக்கு ரோசாப்பூவா, சம்பங்கியா என்று கேட்டார். ஆவுடையப்பன் பதில் சொல்லாமல் அணைத்தார்.

குழியைப் பார்த்தபடியே கேட்டார்:

"சாமிக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துச் சாயந்தரம். தண்ணிய வாரி ஊத்தும்போது மடத்து வாசல்ல மண்வெட்டி கல்லுல பட்டுச்சு. தோண்டினேன். ஒரு படி இருந்துச்சு. தெருவுல இருந்து மேல ஏறுற படி."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"நாம இறங்கில்லா உள்ள போறோம்?"

"கட்டினவங்க ஏறித்தான் போயிருக்காங்க."

"பணிஞ்சு வரணும்னு கட்டினதா ஆறு வருஷமா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேனே சாமி."

தாண்டவ சாமி உளிக்குறியின் மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் எடுத்தார்.

"சொன்னீங்க. கேட்க நல்லா இருந்துச்சு. நானும் அளக்கல."

ஆவுடையப்பன் குனிந்து, குழியோரம் கிடந்த தாரைப் பொறுக்கினார்.

மூன்று மணிக்கு அவர் கூட்டத்துக்குச் சென்றார். வரைபடத்தை விரிக்கவில்லை, ஒன்பது அடுக்குள்ள தார்க்கட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். மேட்டின் ஐந்து மாடித் தீர்மானம் அன்று வாக்குக்கு வரவில்லை. பொன்னாடை உறையிலேயே இருந்தது.

பேச்சியம்மாள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பும் குழந்தைக்குப் புதுப்பாயும் அந்தச் சனிக்கிழமை ஆவுடையப்பன் தம் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். கீழத்தெருக் குழாயைத் தோண்டித் தாழ்வாகப் பதித்த செலவை நகராட்சி மாசி மாதம் செலுத்தியது. அதில் ஒரு பங்கு அவருடைய பணிக்கொடையிலிருந்து பிடிக்கப்பட்டது. அவர் முறையீடு செய்யவில்லை. ஓய்வு பெறும் நாளில் அவர் கையெழுத்திட்ட கடைசிப் பட்டியல், தேரடியிலும் கீழத்தெருவிலும் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பதினொரு பேரின் கூலி. சாலையைத் தாழ்த்தியதற்காக அந்த நகராட்சி கொடுத்த முதல் கூலி அது. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கொடுக்கப்பட்டது.