வெள்ளைக் கையுறை

சர்ரென்று ஒரு சத்தம். மெல்லியதுதான். ஆனால் பழைய ஏடுகளோடு புழங்குகிறவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரியும்.

வெண்டெல் குனிந்து பார்த்தான். கையுறையின் நூல் தாளின் ஓரத்தில் சிக்கி, பாட்டுப் புத்தகத்தின் பக்கம் பாதிவரை கிழிந்திருந்தது.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நூலகமும் ஆவணக் காப்பகமும் அது. சோக்டா பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் அதற்கு. வெண்டெலும் சோக்டாதான்; கிழிந்ததும் சோக்டா மொழிப் பாட்டுப் புத்தகம்தான். லாரி மெக்கானிக்காக இருந்தவன், ஐம்பதைத் தாண்டியபிறகு ஏடுகளைச் செப்பனிடக் கற்றுக்கொள்ள வந்திருந்தான். கற்றுக்கொடுத்த ரோவீனா அவனைவிட இளையவர்.

"வெறுங்கையால தொடுங்கண்ணே. கையுறை போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வெண்டெல் கையுறையை எடுத்து மாட்டிக்கொள்வான்.

"டீச்சர்" என்றான். கிழிந்த இடத்தைக் காட்டினான்.

ரோவீனா வந்து பார்த்தார். திட்டவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எங்கம்மாவைக் குழியில இறக்கும்போது பாடின பாட்டு இது. தேடி எடுத்ததும் நான்தான், கிழிச்சதும் நான்தான். என்னை அனுப்பிடுங்க. லாரிக்கு அடியிலயே படுத்துக் கிடக்கறேன்."

"லாரி உங்களைத் தேடுதா?"

"விளையாடாதீங்க டீச்சர்."

"கையுறையைக் கழட்டுங்கண்ணே."

கழற்றினான். ரேகையெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க சனங்க பாட்டைத் தொடறதா?"

ரோவீனா பக்கத்தின் கீழ்மூலையைக் காட்டினார். புரட்டிப் புரட்டிக் கறுத்துப்போன இடம்.

"இது யார் கை பட்டதுண்ணே?"

வெண்டெல் தன் கட்டைவிரலை அந்தக் கறுப்புக்கு அருகே நீட்டிப் பார்த்தான். பிறகு போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தான்.

ரோவீனா மாவுப் பசைக் கிண்ணத்தையும், வெங்காயச் சருகுபோன்ற தாள் துண்டு ஒன்றையும் அவன் பக்கம் நகர்த்தினார்.

"நானா?"

"நான் ஒட்டினா உங்க கை எப்பக் கத்துக்கும்?"

வெண்டெல் வெறுவிரலால் தடவிப் பார்த்தான். கிழிசலின் இரண்டு ஓரங்களும் எங்கே சேர்கின்றன, எங்கே தூக்கி நிற்கின்றன என்று விரலுக்கே தெரிந்தது. ஒட்டி முடித்து, மேலே கனம் வைத்தான். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தான். எழுத்துகள் சேர்ந்திருந்தன. வெளிச்சத்தில் மட்டும் தழும்புபோல ஒரு கோடு.

"தெரியுதே டீச்சர்."

"ஆமா."

"தெரியாம ஒட்ட முடியாதா?"

"முடியும். இன்னும் பழகினா நீங்களே செய்வீங்க."

"அப்ப இதைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டவா?"

"வேண்டாம்ணே. அடுத்துப் புரட்டுற கை இந்த இடத்துல மெதுவாப் போகட்டும்."

கிண்ணத்தில் மிச்சப் பசை காயத் தொடங்கியிருந்தது. வெண்டெல் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.