தேரடித் திருப்பம்

“இதுல எது சிறந்தது டீச்சர்?” என்று கேட்டார் திருமாறன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை. கம்பெனிகள் கழித்துப்போட்ட வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களைப் பிரித்து, துடைத்து, கெட்டதை மாற்றி விற்பவள் பெனாசிர். அவரைவிட மிகவும் இளையவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. அவள் எதையும் சொல்லிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

அலமாரியில் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயரின்மேல் டேப் ஒட்டியிருந்தாள். வாங்க வந்தவர் தன் சொந்த வேலையை அதில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உரிப்பாள். கடை வழக்கம் அது.

திருமாறனுக்கு அது பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் படித்துவிட்டு வந்திருந்தார். எந்தப் பிராசசர் உழைக்கும், எந்த கிராபிக்ஸ் கார்டு சூடாகும், எல்லாம் மனப்பாடம். அத்தனையையும் ஒப்பித்தார். பெனாசிர் ஒரு ஃபேனின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரோ வேண்டாமென்று தள்ளியதை நம்பி வாங்கலாமா என்றும் கேட்டார்.

“நீங்க மட்டும் புதுசா சார்?”

அவர் சிரிக்கவில்லை. வேலை பார்த்த அனிமேஷன் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதன்பின் சொந்தமாக ஒரு குறும்படம் தொடங்கினார். கோயில் யானை மழையில் ஊர் சுற்றி வரும் கதை. யானை தேரடித் திருப்பத்துக்கு வரும். மழையும் கூட்டமும் சேரும். வீட்டுக் கம்ப்யூட்டர் உறைந்துவிடும்.

படம் அங்கேயே நின்றது.

நல்ல மெஷின் மட்டும் இருந்தால், என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. மெஷினும் வந்து, படமும் வராமல் போனால்?

“உங்க மெஷின் எந்தக் காட்சியில நிக்குது?” என்றாள் டீச்சர்.

சொன்னார். பென்டிரைவில் அந்தக் காட்சி இருக்கிறது, ஆனால் முதலில் வேகத்தை அளக்கும் மென்பொருளை ஓட்டலாம் என்றார்.

“அதுல யானை வருமா?”

திருமாறன் பென்டிரைவை நீட்டினார்.

அவள் கீழ்த்தட்டிலிருந்து, மூலை நசுங்கிய பெட்டி ஒன்றை இழுத்தாள். அவருக்கு முகம் வாடியது. ஃபேன் உறுமிவிட்டு அடங்கியது.

திரையில் மழை பெய்தது. பாகனைச் சுமந்து யானை நடந்தது. அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தேரடி வந்தது.

உறையவில்லை. யானை திரும்பியது.

பாகன் திரும்பவில்லை.

நேர்த் தெருவில் யானையையும் பாகனையும் தனித்தனியே நகர்த்தியவர், திருப்பத்தில் பாகனைத் திருப்ப மறந்திருந்தார். யானை தன் வழியே போக, பாகன் காலைப் பரப்பி, குடையைப் பிடித்து, காற்றின்மேல் உட்கார்ந்தபடி நேராகப் போனான். மிகுந்த மரியாதையோடு டீக்கடைச் சுவருக்குள் புகுந்து மறைந்தான்.

பெனாசிர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது திருமாறன்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். பாகன் மறுபடி சுவருக்குள் போனான். இப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மேல்தட்டில் இருப்பது இதைவிட வேகம், அதையும் பார்க்கலாமே என்றாள்.

அவர் காதில் விழவில்லை. நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு, மௌஸைக் கையில் எடுத்திருந்தார்.

மதியத் தொழுகைக்குப் போய் வந்தாள். அவர் அசையவே இல்லை. பக்கத்தில் அவருக்கு வந்த டீ ஆறிக் கிடந்தது.

பெனாசிர் பெட்டியின் டேப்பில் நகத்தை வைத்தாள்.

“உரிக்கட்டுமா சார்? எந்தக் கம்பெனின்னு தெரிய வேண்டாமா?”

“கொஞ்சம் இருங்க டீச்சர்,” என்றார் திருமாறன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாகன் ஏறிட்டு இருக்கான்.”